பனியில் சறுக்கும் கேம், கடைசியில் ஒரு பூதம்: பெயர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பனிப்பூனை எழுதியது:

ரொம்ப வருடமாக மனசில் கிடக்கிற ஒரு கேம். பெயர் தெரியாது, பெயர் தெரியாததால் தேடவும் முடியவில்லை. அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். ஸ்கிரீன் முழுக்க வெள்ளை. நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ஆள், பனியில் சறுக்கிக் கீழே போய்க்கொண்டே இருப்பான். மரம், பாறை, வெட்டிய அடிமரம், குறுக்கே அலையும் நாய் எல்லாம் வரும், மோதாமல் ஒதுங்கிப் போகவேண்டும். பாட்டும் கிடையாது, சத்தமும் கிடையாது (எங்கள் கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் இல்லாததாலோ என்னவோ). இதுவரை சொன்னதில் பயப்பட ஒன்றுமே இல்லை, தெரியும்.

கொஞ்ச தூரம் போனதும் சாம்பல் நிறத்தில் ஒன்று கைகளை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். எவ்வளவு வேகமாகப் போனாலும் அது நம்மைவிட வேகம். பிடித்து அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும், கால் மட்டும் வெளியே தெரியும். அவ்வளவுதான். ஏன் வந்தது, எதற்குத் தின்றது, நான் என்ன தப்பு செய்தேன், எதுவும் சொல்லாது. முதல் தடவை பார்த்தபோது நாற்காலியிலிருந்து இறங்கி ஓடியே போய்விட்டேன். அப்புறம் பல மாதம் வெள்ளைப் போர்வையைப் போர்த்திக்கொள்ள மாட்டேன் என்று அடம். அம்மாவுக்குக் காரணம் கடைசிவரை புரியவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு: செத்தால் எழுந்துவிட வேண்டும், அடுத்தவர் முறை. அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். நாயை இடித்தால்தான் அந்தப் பூதம் வரும், அது நாயின் எஜமான் என்று சொல்லி வைத்திருந்தான். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நாய்ப் பக்கமே போகாமல் ஆடுவேன். அப்போதும் வரும். கேட்டால், "இடிக்கலை சரி, இடிக்கணும்னு மனசுல நெனச்சிருப்ப" என்பான். நினைத்தும் இருப்பேன், ஏழு வயதில் நாயை நினைக்காமல் நாயைத் தாண்டுவது எப்படி? ஆனால் ஒன்று, அவன் ஆடும்போது அது வரும், துரத்தும், ஆனால் பிடிக்காது. ஒரு தடவைகூட. அதனாலேயே அவன் சொன்னதெல்லாம் உண்மை என்று பல வருடம் நம்பினேன்.

கேமின் பெயர் என்ன? உண்மையிலேயே அதனிடமிருந்து தப்பிக்க வழி உண்டா, இல்லை என் அண்ணன் புண்ணியாத்மாவா? இந்த மாதிரி யாருக்காவது அனுபவம் உண்டா?


பழைய ஃப்ளாப்பி எழுதியது:

ஸ்கைஃப்ரீ. கைகளை ஆட்டிக்கொண்டு ஓடிவரும் என்று படித்ததுமே தெரிந்துவிட்டது.

1991ல் வந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த கிறிஸ் பிரிஹ் என்பவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில், சி என்கிற நிரல் மொழியில், பொழுதுபோக்காக எழுதிக்கொண்டிருந்த கேம். விற்கிற எண்ணமெல்லாம் இல்லை. ஒருநாள் ஆபீசில் அதை வைத்து நோண்டிக்கொண்டிருந்தபோது, விண்டோஸுக்கான என்டர்டெயின்மென்ட் பேக் என்கிற கேம் தொகுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, இது எனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அப்படி மூன்றாவது தொகுப்பில் சேர்ந்தது. அதன்பிறகு யார் கம்ப்யூட்டரில் பார்த்தாலும் இருந்தது.

சத்தம் பற்றி: உங்கள் ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. அந்த கேமுக்கே சத்தம் கிடையாது.

பூதம்: எழுதியவர் அதை 'அருவருப்பான பனி மிருகம்' என்கிற மாதிரி ஒரு பெயரில்தான் கூப்பிடுவார், நாமெல்லாம் யெட்டி என்போம். நாய்க்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நாயை இடித்தால் பனி மஞ்சளாகும், அவ்வளவுதான். மூலையில் தூரக் கணக்கு ஓடும் பாருங்கள், மீட்டரில்? அது ஏறத்தாழ 2000ஐத் தாண்டினால் வரும். நல்லவன் கெட்டவன் பார்க்காது. நீங்கள் நன்றாக ஆடினீர்கள், அதனால்தான் வந்தது. மரத்தில் முட்டிக்கொண்டே இருக்கிறவன் அதைப் பார்க்கவே மாட்டான்.

தப்பிக்க வழி: எஃப். கீபோர்டில் எஃப் எழுத்தை அழுத்தினால் வேகம் கூடும், அது உங்களைப் பிடிக்க முடியாது. மற்ற நேரத்தில் அதுதான் வேகம், எஃப் போட்டால் நீங்கள் வேகம். ஆனால் அந்த வேகத்தில் ஒரு மரத்தில் முட்டினீர்களோ, போச்சு.

புண்ணியாத்மா விஷயத்தில் என் கருத்தைச் சொல்ல விரும்பவில்லை, குடும்ப விவகாரம்.


பனிப்பூனை எழுதியது:

எஃப்???

அது மௌஸில் ஆடுகிற கேம். மௌஸை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ அந்தப் பக்கம் அந்த ஆள் திரும்புவான். ஆனால் அண்ணன் ஆடும்போது இடது கையை எப்போதும் கீபோர்டு மேலேயே வைத்திருப்பான். எதற்கு என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன், நன்றாக நினைவிருக்கிறது. "சாஞ்சுக்கறதுக்கு" என்றான்.

சாய்ந்துகொள்வதற்கு!


சுவர்க்கோழி எழுதியது:

நீங்கள் சொன்ன கேம் நானும் ஆடியிருக்கிறேன். எனக்கு அது சிரிப்புதான் வரும், மன்னிக்கவும். ஆனால் பயம் என்றால் எனக்கு ஒரே ஒரு கேம், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, அதுவும் பழையது, 1989ல் ஜோர்டன் மெக்னர் செய்தது. வெள்ளைச் சட்டைக்காரன் நிலவறையில் ஓடுவானே, அதுதான். ஒரு மணி நேரத்துக்குள் இளவரசியைக் காப்பாற்றவேண்டும், கேமில் அல்ல, உண்மையான கடிகாரத்தில் அறுபது நிமிடம்.

அதிலும் பாட்டு கிடையாது, இடையில் எப்போதாவது நாலு ஸ்வரம். மற்ற நேரமெல்லாம் நம் காலடிச் சத்தம் மட்டும்தான். ஓடினால் தட் தட் தட். நின்றால் ஒன்றுமே இல்லை. எங்கோ ஒரு கதவு இறங்கும் சத்தம் மட்டும் கேட்கும், அது எந்தக் கதவு, திரும்பிப் போக முடியுமா முடியாதா என்று தெரியாது. அந்த ஆள் அசல் மனிதன் மாதிரியே ஓடுவான். மெக்னர் தன் தம்பியை வெள்ளை உடையில் ஓடவிட்டு, குதிக்கவிட்டு, வீடியோ எடுத்து, அதை ஒவ்வொரு ஃப்ரேமாக வரைந்து செய்ததாம். அதனால்தான் அவன் முள்ளில் விழும்போது பொம்மை விழுந்த மாதிரி இருக்காது. அந்த ஒரு 'சக்' சத்தத்துக்கு நான் இன்றைக்கும் முகத்தைச் சுளிப்பேன்.

மூன்றாவது லெவலில் ஒரு எலும்புக்கூடு தரையில் கிடக்கும். முதலில் தாண்டிப் போகும்போது ஒன்றும் ஆகாது. வாசல் கதவைத் திறந்துவிட்டு அதே வழியில் திரும்பி வருவோம் பாருங்கள், அப்போது எழுந்து நிற்கும். வாளோடு. அதை எத்தனை குத்து குத்தினாலும் சாகாது. ஏற்கெனவே செத்ததை எப்படிக் கொல்வது என்று நான் உண்மையாகவே கேட்டு அழுதிருக்கிறேன். கொல்ல முடியாது, தள்ளிக்கொண்டே போய் விளிம்பிலிருந்து கீழே விழவைக்க வேண்டும், அதுதான் வழி. எனக்கு அது தெரிய ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடமும் எனக்கு உலகத்தில் இரண்டே லெவல்தான் இருந்தது.

நான்காவதில் கண்ணாடி. திரும்பி வரும் வழியில், முன்பு இல்லாத இடத்தில் ஒரு கண்ணாடி நிற்கும். ஓடிவந்து அதற்குள் பாயவேண்டும். பாய்ந்தால் நாம் இந்தப் பக்கம், நம் நிழல் அந்தப் பக்கம் குதித்து ஓடிப்போகும். நமக்கு உயிர் ஒரே ஒரு துளிதான் மிச்சம். எனக்குப் பல நாள் கண்ணாடி முன்னால் தலை சீவும்போது ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது, நான் போனபிறகு அது என்ன செய்கிறது என்று. அந்த நிழல் அடுத்த லெவலில் வந்து நம் மருந்தைக் குடித்துவிட்டுப் போகும், அதற்கடுத்ததில் நாம் தாவும் நேரம் பார்த்துக் கதவை மூடிவிடும். பேசாது. அங்கேயெல்லாம் சண்டைக்கும் வராது. அந்தப் படுபாவியை யாராலும் மறக்க முடியாது.


கிரகணம் எழுதியது:

சத்தமே இல்லாத கேமுக்கு எல்லாம் பயந்தீர்களா, சரிதான். ரெசிடென்ட் ஈவில் ஆடியிருக்கிறீர்களா, 1996ல் ப்ளேஸ்டேஷனில் வந்தது? ஒரு நீண்ட நடைபாதை, பக்கத்தில் ஜன்னல்கள். ஒன்றும் நடக்காது. நடந்துகொண்டே இருப்போம். படீரென்று கண்ணாடியை உடைத்துக்கொண்டு நாய் உள்ளே பாயும். என் கையிலிருந்த கன்ட்ரோலர் பறந்துபோய் அப்பா மடியில் விழுந்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு நாய்க்குப் பயந்ததைவிட அதற்கப்புறம் நடந்ததற்குத்தான் அதிகம் பயந்தேன்.

கேமரா ஒரு மூலையில் ஆணி அடித்த மாதிரி நிற்கும், நாம் திரும்பினாலும் அது திரும்பாது. சத்தம் கேட்கும், எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது. சேவ் செய்யவேண்டும் என்றால் டைப்ரைட்டரும் அதற்கு மை ரிப்பனும் வேண்டும், ரிப்பன் எண்ணி எண்ணித்தான் கிடைக்கும். என் கதை அதைவிட மோசம், என்னிடம் மெமரி கார்டே இல்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. அந்த நாய் பாயும் இடம் எனக்கு மனப்பாடம், எத்தனையாவது அடியில் வரும் என்று தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப் போடும்.

கதவு திறக்கும் காட்சி இருக்கிறதே, கறுப்புப் பின்னணியில் கதவு மட்டும் மெதுவாகத் திறக்கும், அதற்குத் தனியாக ஒரு சாபம்.


தூங்காத ஆந்தை எழுதியது:

நீங்களெல்லாம் பூதம், எலும்புக்கூடு என்று கௌரவமான பயங்கள் சொல்கிறீர்கள். நான் பயந்தது ஒரு நீல நிற முள்ளெலிக்கு. சிரிக்காதீர்கள்.

சானிக், 1991, அதில் தண்ணீர் லெவல். தண்ணீருக்குள் அவனுக்கு முப்பது வினாடிதான் மூச்சு. நடுவில் காற்றுக்குமிழி பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் பின்னணி இசை மாறும், ஐந்து, நான்கு, மூன்று என்று தலைமேல் எண்கள் வர வர அந்த இசை வேகமாகிக்கொண்டே போகும். அந்த இசையை எழுதியவர் குழந்தைகளை வெறுக்கிறவராக இருக்கவேண்டும் என்று அப்போது முடிவு கட்டியிருந்தேன். அது கேட்டதும் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், அவன் மூச்சுவிட்டால்தான் நானும் விடுவேன். இரண்டு மூன்று முறை தலை சுற்றியிருக்கிறது. போன வருடம் யாரோ ஒருவர் போன் ரிங்டோனாக அதை வைத்திருந்தார், பஸ்ஸில் எனக்குக் கை வியர்த்துவிட்டது.

இன்னொன்று, டூம் ரெய்டர் இரண்டாம் பாகம், 1997. அதில் கதாநாயகி லாராவின் மாளிகையில் ஒரு வயதான பட்லர் உண்டு, தட்டில் கோப்பையை வைத்துக்கொண்டு நம் பின்னாலேயே வருவார். ஒன்றும் செய்ய மாட்டார். பாவம் மனிதர். ஆனால் நாம் எந்த அறைக்குப் போனாலும், கொஞ்ச நேரத்தில் வாசலில் கோப்பைகள் நடுங்கும் சத்தம் கிணுகிணுவென்று கேட்கும். எங்களைப்போல ஆயிரக்கணக்கானவர்கள் செய்ததைத்தான் நானும் செய்தேன்: சமையலறைப் பக்கம் இருக்கும் குளிர் அறைக்குள் வரவழைத்து, வெளியே ஓடிவந்து கதவைச் சாத்தினேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவர் உள்ளே இருக்கிறார் என்ற நினைப்பு. மறுநாள் காலை பல் துலக்காமல் போய்த் திறந்துவிட்டேன்.


நானோ எழுதியது:

கிரகணம், சத்தமில்லாத கேம் பற்றிக் கிண்டல் செய்தீர்கள், அதற்காகவே எழுதுகிறேன். இசட்எக்ஸ்81 என்று ஒரு பழைய கம்ப்யூட்டர், கறுப்பு வெள்ளை, சத்தம் எழுப்பவே அதற்கு வழி இல்லை. அதில் த்ரீடி மான்ஸ்டர் மேஸ் என்று மால்கம் எவன்ஸ் செய்த ஒரு கேம், 16 கிலோபைட்டுக்குள். (இந்தத் திரியில் நாம் எழுதியிருப்பதே அதைவிடப் பெரிது.) சுவர்களுக்கு நடுவே நாம், எங்கோ ஒரு டைனோசர். அது தெரியாது, கேட்காது. ஸ்கிரீனின் அடியில் ஒரு வரி மட்டும் வரும். முதலில், அது உனக்காகக் காத்திருக்கிறது. அப்புறம், காலடி நெருங்குகிறது. அப்புறம், ஓடு, அது உன் பின்னால் இருக்கிறது. திரும்பிப் பார்க்க ஒரு நொடி செலவாகும், அந்த நொடியில் முடிந்துவிடும். நான் அதை முப்பது வயதுக்குமேல் எமுலேட்டரில் (பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கும் நிரல்) ஆடினேன், பகலில், ஆபீஸ் இடைவேளையில். இருந்தும் அந்தக் கடைசி வரி வந்ததும் நிஜமாகவே தோளுக்குப் பின்னால் பார்த்தேன்.

சுவர்க்கோழி, உங்கள் நிழல்காரன் எப்படிப் பிறந்தான் என்று தெரியுமா? மெக்னர் அந்த கேமை ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் எழுதினார். இளவரசனின் ஓட்டம், தாவல் எல்லாவற்றுக்கும் படங்கள் சேர்த்ததிலேயே மெமரி தீர்ந்துபோனது, எதிரி என்று இன்னொரு உருவம் வைக்க இடமே இல்லை. அப்போது இளவரசனின் அதே படங்களை எடுத்து, ஒரு புள்ளி தள்ளி, அதன்மேலேயே மறுபடி வைத்து, ஒத்துப்போகிற புள்ளிகளை அழித்துப் பார்த்திருக்கிறார். ஓரம் மட்டும் மினுங்குகிற ஒரு பேய் உருவம் வந்தது. புதிதாக ஒரு பைட் படமும் தேவைப்படவில்லை. காசில்லாமல் வாடகைக்கு எடுத்த வில்லன். பன்னிரண்டாவது லெவலில் அவனை நாம் வெட்டினால் நம் உயிர்தான் குறைகிறது என்பதும், வாளை உறையில் போட்டுவிட்டு நேரே நடந்துபோய் அவனோடு சேர்ந்துகொள்ள வேண்டும் என்பதும் அந்தப் பஞ்சத்தில் பிறந்த யோசனைதான்.

அதே மாதிரி சைலன்ட் ஹில், 1999. ஊர் முழுக்க மூடுபனி. முதல் ப்ளேஸ்டேஷனால் அவ்வளவு தூரத்துத் தெருக்களை ஒரே நேரத்தில் வரைய முடியாது, அதனால் பத்தடிக்கு அப்பால் பனியைப் போட்டு மறைத்தார்கள். கையில் ஒரு ரேடியோ, ஏதாவது அருகில் வந்தால் அது இரையும். எது, எந்தத் திசை, சொல்லாது. நான் அந்த ரேடியோவை அணைத்துவிட்டு ஆடியிருக்கிறேன், கேட்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடும் என்ற பூனைக் கணக்கு.

இதற்கெல்லாம் தாத்தா ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1978. டொமோஹிரோ நிஷிகாடோ செய்தது. மேலே வரிசையாக இருக்கும் எதிரிகளைச் சுடச் சுட, வரைய வேண்டிய உருவங்கள் குறையும், சிப்புக்குச் சுமை குறையும், மிச்சமிருப்பவை தானாகவே வேகமாக ஓட ஆரம்பிக்கும். யாரும் திட்டமிட்டதல்ல, ஆனால் நன்றாயிருந்ததால் அப்படியே விட்டுவிட்டார். கூடவே நான்கு தாழ்ந்த ஸ்வரங்கள் திரும்பத் திரும்ப வரும், அதுவும் வேகமாகும், நெஞ்சு அடித்துக்கொள்கிற மாதிரி. ஆந்தை அவர்களே, உங்கள் முள்ளெலி இசை அந்த வம்சம்.

பனிப்பூனை, உங்கள் அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நமக்கெல்லாம் அந்த கேம்கள் அட்டைப்பெட்டியோ கையேடோ இல்லாமல், யாரோ காப்பி செய்து கொடுத்த வெறும் கோப்பாகத்தான் வந்தன. விதி என்ன என்று எங்கேயும் எழுதியிருக்காது. யாராவது ஒருவர் எதையாவது சொன்னால்தான் உண்டு. அவன் சொன்ன விதி அசல் விதியைவிட நன்றாக இருக்கிறது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். நாயின் எஜமான்! 2000 மீட்டர் என்பது எவ்வளவு சப்பென்று இருக்கிறது பாருங்கள்.


கிரகணம் எழுதியது:

சரி, வாபஸ். ஆனால் ஒரு சந்தேகம். கீழே போனால்தானே வருகிறது? பக்கவாட்டிலேயே போய்க்கொண்டிருந்தால் தப்பிக்கலாமே? என் நண்பன் ஒருவன் அப்படித்தான் அரைமணி நேரம் ஆடுவான், உலகத்தின் ஓரத்தைக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்று.


பழைய ஃப்ளாப்பி எழுதியது:

இடது வலது இரண்டு பக்கமும் ரொம்பத் தள்ளிப் போனால் அங்கேயும் ஒன்று உண்டு. மேலே ஏறிப் போனாலும் உண்டு. ஓரம் கிடையாது. எல்லாவற்றிலும் தப்பித்துக் கீழேயே போய்க்கொண்டிருந்தால் ஒரு கட்டத்தில் தூரக் கணக்கு சுற்றிக்கொண்டு மறுபடி தொடங்கின இடத்துக்கே வந்துவிடும். உங்கள் நண்பனிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.


பனிப்பூனை எழுதியது:

நானோ, நீங்கள் அண்ணன் பக்கம் சாய்வது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நாயின் எஜமான் விஷயத்தில் மறுக்கவும் முடியவில்லை.

ஃப்ளாப்பி, இதை இப்போது ஆட முடியுமா? யாரோ வைத்திருந்த பழைய கோப்பு ஒன்று கிடைத்தது, என் லேப்டாப்பில் திறந்தால் இந்த நிரல் இங்கே ஓடாது என்கிறது.


பழைய ஃப்ளாப்பி எழுதியது:

அது 16 பிட் கோப்பாக இருக்கும். இப்போதைய 64 பிட் விண்டோஸ் அதைத் தொடாது. பிரிஹ் பழைய மூல நிரலைத் தேடிக் கண்டுபிடித்து, பிற்பாடு 32 பிட்டுக்கு மாற்றித் தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார், அது ஓடும். சிறிய கோப்புதான். எஃப்2 அழுத்தினால் புதிதாகத் தொடங்கும், எஃப்3 நிறுத்திவைக்கும். வெறும் எஃப் எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே ஒரு விஷயம், ராத்திரி ஆடாதீர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெள்ளை ஸ்கிரீன், கண் வலிக்கும்.


சுவர்க்கோழி எழுதியது:

நானோ, நிழல்காரன் மெமரி இல்லாமல் பிறந்தவன் என்று தெரிந்ததும் அவன் மேல் கொஞ்சம் பாசமே வந்துவிட்டது. ஆனாலும் நேற்று ராத்திரி கைகழுவும்போது கண்ணாடியை இரண்டாம் தடவை பார்த்தேன்.


பனிப்பூனை எழுதியது:

ஆடிவிட்டேன். பகலில்தான்.

முதலில் வேண்டுமென்றே ஒரு நாயை இடித்தேன். இத்தனை வருடம் கழித்தும் இடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். பனி மஞ்சளானது, வேறொன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் மூலையில் எண்ணையே பார்த்துக்கொண்டு போனேன். 1800, 1900. இத்தனைக்கும் எப்போது வரும் என்று தெரியும், வந்தால் என்ன செய்யவேண்டும் என்றும் தெரியும், இடது கை தயாராக எஃப் மேல். நான் நினைத்ததைவிட அது ரொம்பச் சின்னது. என் நினைவில் அது பாதி ஸ்கிரீன் இருந்தது, நிஜத்தில் ஒரு மரத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். கோடு கோடாக, யாரோ ஒரு சின்னப் பையன் வரைந்த மாதிரி. ஆனால் அந்த ஓட்டம் மாறவில்லை. கைகளை ஆட்டிக்கொண்டு ஓடிவருகிற அந்த ஓட்டம் அப்படியே நினைவில் இருந்ததுதான். அதைப் பார்த்ததும் எஃப்பும் மறந்தது, மௌஸும் மறந்தது, பார்த்துக்கொண்டே இருந்தேன். தின்றுவிட்டது.

இரண்டாவது தடவை எஃப்பை அழுத்தினேன். அது பின்தங்கிப் பின்தங்கி மேல் விளிம்பில் மறைந்தது. கத்திவிட்டேன், பக்கத்து அறையிலிருந்து வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள். சொல்ல வெட்கமாக இருந்தது, பல் வலி என்றேன்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பில், "எஃப்" என்றேன். ஒரு நிமிடம் பேச்சே இல்லை. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான், நிறுத்தவே இல்லை. அவன் வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், கேம் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே அவனுக்குத் தெரியுமாம். அதாவது நான் இரண்டாயிரம் மீட்டரில் செத்து எழுந்துவிட வேண்டும், அவன் சாகாமல் சாயந்திரம் முழுக்க ஆடுவான், விதிப்படி எல்லாம் சரி. என்னிடமிருந்து எத்தனை மணி நேரம் திருடியிருக்கிறான் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். வட்டியோடு தருகிறேன் என்றான். சாய்ந்துகொள்வதற்கு என்று சொன்னது அவனுக்கு நினைவே இல்லையாம், நாயின் எஜமான் மட்டும் நினைவிருக்கிறதாம், அதில் பெருமை வேறு.

போனைக் காதில் வைத்துக்கொண்டே மூன்றாவது தடவை ஆடினேன். அது வந்தது, எஃப் போட்டுத் தாண்டினேன், கீழே கீழே போய்க்கொண்டே இருந்தேன், இதுவரை பார்க்காத தூரம். ஒரு மரம் குறுக்கே வந்தது, முட்டினேன், எழுந்திருப்பதற்குள் வந்து தின்றுவிட்டது. எஃப் போட்டால் இவ்வளவு வேகத்தில் மரத்தை எப்படி ஒதுக்குவது, நீ முட்டவே மாட்டாயே, அதற்கு என்ன பட்டன் என்று அவனிடம் கேட்டேன்.

"அதைச் சொன்னா உன் முறை முடியவே முடியாதேடி" என்றான்.